எழுந்தால் அறுந்துபோகும் லைன்

எனக்கு முன்கோபம் என்று என் மனைவி சொல்வாள். அன்று மேனேஜருக்கு எதிரே நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதை அவள் பார்த்திருக்க வேண்டும்.

"மூணு விபிஎன் புரோட்டோகாலையும் நானே டெஸ்ட் பண்ணிட்டேன். இப்ப இருக்கிறதுதான் ஸ்பீடு. அப்புறம் அந்தம்மாவுக்கு மட்டும் ஏன் கட் ஆகுது? திங்கட்கிழமையிலிருந்து ஆபீஸுக்கு வரச் சொல்லிடுங்க."

"எங்க உட்கார்ந்து டெஸ்ட் பண்ணீங்க சார்?"

"இங்கதான். என் சீட்ல."

ஐயோ! விபிஎன் என்பதே வீட்டு லேப்டாப்பை ஆபீஸோடு இணைக்கும் வழி. அதைச் சோதிக்க ஆபீஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார் மனிதர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? நெட்வொர்க் பார்ப்பவன் நான். ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு அந்தம்மா வீட்டுக்குக் கிளம்பினேன்.

அந்தம்மா எங்கள் கணக்குப் பிரிவு அக்கா. கணவருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி, மாதக்கணக்கில் படுக்கை; அதனால் அக்காவுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆபீஸுக்கு வந்தே தீரவேண்டும் என்றால் அக்கா வேலையை விடவேண்டியதுதான். அந்த வீட்டில் சம்பாதிப்பதும் அவர் ஒருவர்தான்.

வீடு இரண்டே அறை. முன்னறை மேஜையில் லேப்டாப், வைஃபை. உள்ளறையில் கணவர், அங்கே வைஃபை எட்டாது, ஃபோன் நெட்தான். அவரை ஒரு எட்டுப் பார்க்க, வேலையும் நிற்கக்கூடாதென்று, அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். வைஃபை போய் ஃபோன் நெட் வந்தது. விபிஎன் செத்தது. மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி காத்திருப்பு. பாதி அடித்த பில்லைக் காணோம்.

"பார்த்தியா தம்பி? எழுந்தா போச்சு."

அட, இவ்வளவுதானா! பழைய புரோட்டோகாலுக்கு உட்கார்ந்த இடத்தில் மட்டும்தான் குதிரை வேகம். நெட் மாறினால் ஆதியிலிருந்து ஆரம்பிக்கும். இரண்டாவது புரோட்டோகாலான ஐகேஇயைப் போட்டு அறைக்கு அறை நடந்து பார்த்தேன், தடுமாறிச் சமாளித்தது. மூன்றாவதான வயர்கார்டைப் போட்டேன். நெட் மாறியதையே கண்டுகொள்ளாமல் தன்பாட்டுக்கு ஓடியது.

மேனேஜரே கண்ணால் பார்க்கட்டும் என்று, அந்த லைனிலேயே அவரை வீடியோவில் கூப்பிட்டேன். அக்கா கணக்குச் சொல்லிக்கொண்டே லேப்டாப்போடு உள்ளறைக்கு நடந்தார். படம் நிற்கவில்லை.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கட்டிலில் இருந்த கணவரிடம் சொன்னேன்: "மாமா, வழக்கம்போல அக்காவை அடிக்கடி கூப்பிடுங்க. எத்தனை தடவை தாங்குதுன்னு பார்ப்போம்."

அவர் தயங்கினார்.

"நான் கூப்பிடுறதில்ல தம்பி. பகல்ல தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டேன். குடிச்சா ஒண்ணுக்குப் போகவும் இவளைத்தான் கூப்பிடணும். இவ எழுந்தா லைன் போயிடும். மேனேஜர்கிட்ட திட்டு வாங்குவா."

அக்கா லேப்டாப்பைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"கேட்டா பசிக்கல, தாகமில்லன்னு சொன்னீங்களே, பாவி மனுஷா! குடிங்க. முழுசும் குடிங்க. ஆயிரம் தடவை கூப்பிடுங்க, வரேன்."

அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன அக்காவுக்கு. திரையைப் பார்த்தேன், மேனேஜர் முகம் அப்படியே நின்றிருந்தது. லைன் போய்விட்டதோ என்று பதறினேன். இல்லை. மனிதர்தான் அசையாமல் இருந்தார்.

பிறகு மைக்கை நெருங்கினார். "திங்கட்கிழமை வர வேண்டாம்மா. வீட்டிலிருந்தே பாருங்க."

கணவர் காலி டம்ளரை அக்காவிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னொன்னு குடு."