கரை போட்ட பச்சை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இளம்பிள்ளைக்குச் சேலை எடுக்கப் போயிருந்தேன். புது மனைப்பிரிவு ஒன்றில் எல்லா வீட்டு முன்னாலும் வெட்டிவிட்ட புல்தரை. ஒரு வாசலில் மட்டும் புல் இல்லை. பொடுதலையும் புளியாரையும் படர்ந்து கிடந்தன.* யார் வீடென்று விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் இந்தக் கதை தேவைப்பட்டிருக்காது.

(* புளியாரைக்கு மூன்று இலை, மென்றால் புளிக்கும். பொடுதலை மிதிபட மிதிபட இன்னும் படரும். இரண்டும் தண்ணீர் கேட்டு அடம்பிடிக்காதவை.)

2

அந்த வீட்டுக்காரிக்கு நானே ஒரு பெயர் வைத்தேன். முதலில் எழுதிய வரி: சாரதாமணி இயற்கையை மிகவும் நேசித்தாள், ஆகையால் அவள்—

வேண்டாம். அவள் வீட்டிலேயே சேலை விற்பவள். மதிலுக்குப் பின்னால் தறித்தெரு. அங்கே தறி நெய்யும் கந்தம்மாள் காலிக் குடத்தோடு நிற்க, இங்கே புல்லுக்குத் தண்ணீர் சுழன்று தெளித்தது. ஒருநாள் சாரதாமணிக்குப் பொறுக்கவில்லை. புல்லைக் கொத்தி எறிந்தாள். நடுவில் பொடுதலை, ஓரமெங்கும் புளியாரை நட்டாள். மிச்சமான தண்ணீரை ஹோஸ் வழியாக மதிலுக்கு அந்தப் பக்கம் விட்டாள்.

3

மனைப்பிரிவுக் குடியிருப்போர் சங்கத் தலைவர் முருகானந்தம் வந்தார்.

"ஏனுங்க்கா, காடாட்டம் கெடக்குது. எல்லா ஊடும் ஒரே மாதிரி இருக்கோணும்னுதானே பேசுனோம்?"

"பச்சையாத்தானுங்க தம்பி இருக்குது. கொஞ்சம் கரை போட்டிருக்கறேன்."

"இதென்ன சேலையாங்க்கா?"

"கரையில்லாத சேலைய உங்க ஊட்டம்மா கட்டுதான்னு கேட்டுட்டு வாங்க."

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததை மறைத்துக்கொண்டார். "நாயித்துக்கெழம களை மருந்தடிக்க ஆள் வரும். மறுக்கா புல்லுப் போட்டுருவோம்."

"புல்லுப் போட்டா ஹோஸத் திருப்போணும். கந்தம்மா கொடத்துக்கு யாருங்க பதில் சொல்றது?"

"அது சங்கத்து வேலையில்லீங்க."

"அப்ப ஆள் வரட்டுங்க. நான் செடி மேலதான் உக்காந்திருப்பேன்."

4

முருகானந்தத்தை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் ரிக் லாரி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடுகிறவர். தண்ணீர் எவ்வளவு ஆழத்துக்குப் போய்விட்டது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் புல்லைக் கேட்கிறார். (கடவுள் ஒரே செடியோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இதைச் சங்கத்தில் சொன்னால் சிரிப்பார்கள். ஆகவே இங்கே சொல்கிறேன்.)

5

ஒரு முடிவு: முருகானந்தம் மனம் மாறி, ஹோஸை அவரே பிடித்துக்கொண்டு—

அந்த வரியை அடித்துவிட்டேன். அவ்வளவு சுலபமாக யாரும் மாறுவதில்லை.

இன்னொன்று: மருந்து பட்ட இலைகள் முதலில் ஓரத்தில்—

எழுத மாட்டேன். கதைக்கு நல்லதென்று யார் சொன்னாலும் சரி, என் கையால் ஒரு புளியாரைகூடச் சாகாது.

ஆனால் ஞாயிறு வந்துவிட்டது. சாரதாமணி செடிகளின் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். மதிலுக்கு அப்பால் குடம் நிறைகிற சத்தம். மருந்து டேங்கைச் சுமந்து வர ஓர் ஆள் வேண்டும். யாரை எழுதினாலும் கேட்டைத் தாண்ட மறுக்கிறார்கள். ஆகவே அந்த வேலையை உங்களுக்கு விட்டுவிட்டேன்.

டேங்க் உங்கள் முதுகில் இருக்கிறது. கேட் திறந்திருக்கிறது. அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.

"வாங்க சாமி. செருப்பக் கழட்டிட்டு வாங்க, குளுகுளுன்னு இருக்கும்."