குரலுக்கு மட்டும் இடம்

கட்டிலின் தலைமாட்டை மாடிவீட்டுக் கொளஞ்சிநாதனும் கால்மாட்டைச் சைமாவும் பிடித்துத் தூக்கினார்கள். அதன்மேல் படுத்திருந்த அவள் தகப்பனார் முகமது யூசுப் கண்ணைத் திறக்கவில்லை. படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு வந்து, கூடத்திலிருந்து சமையலறைக்குள் திரும்பும்போது கட்டில் கால் நிலையில் இடித்தது. "பாத்து, பாத்து" என்று சித்தீகா இரண்டு கையையும் நீட்டியபடி பின்னாலேயே வந்தாள். சாகக் கிடக்கிற புருஷனைக் கொண்டுபோய் அடுப்புப் பக்கத்தில் போடுகிறார்களே என்று எதிர் குவார்ட்டர்ஸ் சந்திரா வாசலில் நின்று வாயடைத்துப் பார்த்தாள். அவளுக்குக் காரணம் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. அந்த வீட்டில் செல்போன் இரண்டு கோடு சிக்னல் காட்டும் இடம் சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான்.

"தலை வடக்க இருக்கட்டும். மொகம் மேக்க பாக்கணும்" என்றாள் சித்தீகா.

"ஜன்னல் கெழக்கால இருக்குதேக்கா" என்றார் கொளஞ்சிநாதன்.

"போன் எந்தப் பக்கம் வேணா இருக்கட்டும். அவர் மொகம் கிப்லாவப் பாத்துத்தான் இருக்கணும்."

கட்டிலை மறுபடி திருப்பிப் போட்டார்கள். காஸ் சிலிண்டரைக் கொல்லைப் பக்கம் உருட்டிவிட்டு இடம் பண்ணினார்கள். வெளியே தூறல் விடவில்லை.

புயல் முந்தாநாள்தான் கரையைக் கடந்திருந்தது. நெய்வேலி நகரியத்தில் சாயாத மரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கரண்டு மட்டும் அன்றைக்கே வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் கரண்டு அனுப்பும் ஊர், தன் வீட்டு விளக்கைக்கூட ஏற்றிக்கொள்ளாவிட்டால் எப்படி? ஆனால் விழுந்த மரங்களோடு இன்டர்நெட் கேபிளும் அறுந்து ரோட்டோரத்தில் கிடந்தது. அந்தப் பக்கத்துக்கு உயிரோடு இருந்தது ஒரே ஒரு டவர். பிளாக் முழுக்க அதைப் பிடித்துத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வீடியோவில் கூப்பிட்டு, வாசல் வேப்பமரம் இருக்கிறதா, தண்ணீர் உள்ளே வந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

யூசுப்பின் பிள்ளை ஜுல்பிகர் சவூதியில் தம்மாம் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் ஏறவேண்டிய சென்னை விமானம் மழையால் ரத்து. அடுத்ததில் இடமில்லை. அதற்கடுத்ததைப் பற்றிக் கேட்டால் கவுண்டரில் இருந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில், "இனிமே வூட்ல வெச்சுப் பாத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பியபோது யூசுப்புக்கு நினைவு நன்றாக இருந்தது. நுரையீரல்தான் கைவிட்டிருந்தது. காரில் வரும்போது மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நான் போற நேரத்துல ஜுல்பி எங் காதுல கலிமா சொல்லணும். எங்க அத்தாவுக்கு நாந்தான் சொன்னேன்." சைமா, "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது அத்தா" என்று அதட்டினாள். அப்புறம், அவர் கேட்டதற்குச் சரி என்றும் சொல்லி வைத்தாள். சொன்னது சொன்னதுதானே. இன்று விடிந்ததிலிருந்து அவர் மூச்சு மாறிவிட்டது. ஒன்று இழுத்து விட்டால் அடுத்தது வருவதற்குள் பார்க்கிறவர்களுக்கு மூச்சு முட்டியது.

சைமா நெற்றி வியர்வையை முக்காட்டில் துடைத்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், இதுதான் அவள் பிழைப்பே. வீடியோவில் கூடிப் பேசுவதற்கு மென்பொருள் செய்யும் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். மோசமான நெட்வொர்க்கில் அது எப்படி ஓடுகிறது என்று சோதிக்க வேண்டும். அதற்காக லைனை வேண்டுமென்றே நெருக்குவாள், பாதி வழியில் தகவலைச் சிந்தவிடுவாள், படம் எங்கே உடைகிறது, குரல் எங்கே அறுகிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவாள். "ஊரெல்லாம் நெட்டு இல்லன்னு அழுவுது, எம் மவ நல்லா இருக்குற நெட்டைக் கெடுத்துச் சம்பளம் வாங்குறா" என்று யூசுப் ஷிப்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். சுரங்கத்துக் கன்வேயர் செக்சனில் பாதிப்பேருக்கு இவள் வேலை இப்படித்தான் தெரியும்.

அழைப்பு எடுக்கப்பட்டது. திரையில் சதுரம் சதுரமாக ஒரு முகம் வந்தது.

"சைமா... த்தா எங்... காட்டு..."

"அண்ணே, இந்தா அத்தா. தெரியுதா?"

"கட்டம் கட்டமா இருக்கு. மூக்கு எது வாய் எதுன்னே... சைமா, கிட்டக் கொண்டு போ."

கிட்டக் கொண்டுபோனாள். கிட்டப் போனால் கட்டங்கள் பெரிதாகும், அவ்வளவுதான். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அண்ணன் சொன்னதைச் செய்தாள்.

"ஜுல்பி, நேரமாவுதுப்பா. கலிமாவச் சொல்லு. அத்தா காதுல வெக்கிறோம்" என்றாள் சித்தீகா.

போனை யூசுப்பின் காதோரம் தலையணையில் சாய்த்து வைத்தார்கள். ஜுல்பிகர் தொண்டையைச் செருமினான்.

"லா இலாஹ..."

அங்கேயே நின்றுவிட்டது. திரையில் வாய் திறந்தபடி உறைந்திருந்தான். மூவரும் காத்திருந்தார்கள். மறுபடி குரல் வந்தது.

"லா இலா..."

திரும்பவும் அறுந்தது.

சித்தீகாவின் முகம் வெளுத்துவிட்டது. அந்த வாக்கியத்தில் நிற்கக் கூடாத இடம் அதுதான். முதல் பாதி, இறைவன் இல்லை என்று சொல்லும். அல்லாஹ்வைத் தவிர என்பது பின்பாதியில்தான் வரும். போகிற மனிதரின் காதில், பெற்ற பிள்ளையின் குரலில், முதல் பாதி மட்டும் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தது. அவள் பாய்ந்து புருஷனின் மறு காதோரம் குனிந்து "இல்லல்லாஹ், இல்லல்லாஹ்" என்று முடித்து வைத்தாள். அவன் ஒவ்வொரு தடவை அறுந்தபோதும் இவள் முடித்தாள். ஆனால் யூசுப்பின் தலை லேசாகப் போன் இருந்த பக்கமே சாய்ந்தது. அவருக்குக் கேட்கிறது என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது.

"சைமா, பாதியில நிக்குதுடி" என்றாள் சித்தீகா. "பாதியோட அவர் போயிட்டா?"

"போவாரும்மா... இல்ல, போவ மாட்டாரு. இரு." என்ன சொல்கிறோம் என்றே சைமாவுக்குத் தெரியவில்லை. "அண்ணே, ஒன் கேமராவ ஆஃப் பண்ணு. ஒன் மொகம் இங்க வர்றதுக்கே பாதி நெட்டு போவுது."

அவன் அணைத்தான். அவன் இருந்த இடத்தில் ஒரு வட்டமும் அதற்குள் ஜு என்ற எழுத்தும் வந்தன. இங்கிருந்து போகிற படத்தை இருப்பதிலேயே மட்டமான தரத்துக்குக் குறைத்தாள். குரல் கொஞ்சம் தேறியது. ஆனால் நாலு வார்த்தைக்கு ஒன்று இன்னும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

கொளஞ்சிநாதன் இதையெல்லாம் சமையலறை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யூசுப்பும் அவரும் ஒரே ஷிப்டில் ஒரே பஸ்ஸில் போய் வந்தவர்கள். "ஏன் பாப்பா, நம்ம பிளாக்குல அத்தினி பேரும் நெட்டப் போட்டுப் பேசிகினு கீறாங்க. அதனாலயா இது?"

"அதனாலதான் மாமா. எல்லாரும் ஒரே டவர்ல."

"அவங்க நிறுத்துனா?"

"நிறுத்துனா நல்லா வரும். யாரு நிறுத்துவாங்க மாமா?"

அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் இறங்கிப் போய்விட்டார். அடுத்த வீட்டுக் கதவை அவர் தட்டும் சத்தம் கேட்டது.

ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஒவ்வொருவருக்கும் விளக்கி, அவர்கள் போனைத் தேடி எடுத்து நிறுத்துவதற்குள் என்னவாகும்? சைமா அத்தாவின் நெஞ்சைப் பார்த்தாள். அது எழும்புவதற்காகக் காத்திருந்தாள். எழும்பியது.

குரலுக்கு வேண்டியது கொஞ்சம்தான். ஒரு நூல் போகிற இடம் இருந்தால் போதும். படம்தான் வழி முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. நெட்வொர்க் நெருக்கினால் முதலில் படத்தை விடு, குரலைக் காப்பாற்று என்று அவளே எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறாள். அதை எழுதியபோது படத்தின் மறுமுனையில் இருப்பவன் தன் அண்ணனாக இருப்பான் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

"அண்ணே, நம்ம பக்கத்துப் படத்தையும் நிறுத்துறேன்."

"வேணாம்." குரல் உடனே வந்தது, அறாமல். "சைமா, வேணாம். நான் இன்னும் அத்தா மொகத்த ஒழுங்காப் பாக்கவே இல்ல. கட்டமா தெரிஞ்சாலும் பரவால்ல. அப்பிடியே விடு."

"ஒன் குரல் பாதியில அறுந்து அறுந்து விழுதுண்ணே. அத்தாவுக்குக் கேக்குது. ஆனா பாதிதான் கேக்குது."

"அம்மா சொல்லட்டுமே. நீ சொல்லு. நான் பாத்துக்குறேன், நான் வெறும்ன பாத்துகிட்டு இருக்கேன் சைமா."

"நீ சொல்லணும்னுதானே கேட்டாரு" என்றாள். அவன் அடுத்து என்ன சொல்வான் என்பதைக் கேட்டுவிட்டால் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. பொத்தானை அழுத்திவிட்டாள்.

தம்மாமில் அவன் பார்த்துக்கொண்டிருந்த திரை இருண்டிருக்கும். பின்னால் விமான நிலையத்து அறிவிப்பு அரபியில் ஓடியது. ஒரு எழுத்துகூட சிந்தாமல் கேட்டது.

"லா இலாஹ இல்லல்லாஹ்" என்றான்.

முழுசாக வந்தது. சித்தீகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"லா இலாஹ இல்லல்லாஹ். முகம்மதுர் ரசூலுல்லாஹ்."

யூசுப்பின் இமை அசைந்தது. பிறகு மெதுவாகத் திறந்தது. மங்கிய கண்கள் கூரையைப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் திரும்பின. தலையணையில் போன் இருந்தது. அதில் ஒரு வட்டமும் ஒரு எழுத்தும் இருந்தன. அதையே பார்த்தார்.

"கண்ணத் தொறந்துட்டார்டா ஜுல்பி" என்று சித்தீகா சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. "ஒன்னத்தான் தேடுறாரு."

கலிமா நின்றது.

"சைமா. படத்தப் போடு."

அவள் விரல் பொத்தானுக்கு மேலேயே இருந்தது.

"ஒரே ஒரு தடவ போடு புள்ள. அவரு என்னப் பாக்கட்டும், நானும் பாக்குறேன். அப்புறம் நீ நிறுத்திக்க. ஒன் கால்ல விழுறேன் சைமா."

போட்டால் வரும். கட்டம் கட்டமாக ஒரு நெற்றியோ தாடியோ வரும். குரல் அறுந்துபோகும். பிறகு நிறுத்தினாலும் குரல் பழையபடி சீராக வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரம் அத்தாவிடம் இருக்கிறதா என்று அவள் பார்த்தாள். அவர் நெஞ்சு எழும்பவில்லை. இன்னும் எழும்பவில்லை. பிறகு சின்னதாக எழும்பியது.

"சொல்லுண்ணே" என்றாள். "நிறுத்தாம சொல்லு."

மறுமுனையில் அவன் அழுதான். அழுகையும் தெளிவாகத்தான் கேட்டது. அப்படியே சொல்ல ஆரம்பித்தான். அழுதுகொண்டே சொன்னாலும் பாதியில் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றையும் முடித்தான். யூசுப்பின் வலது கை ஆள்காட்டி விரல், தொழுகையில் கலிமாவுக்கு உயர்வதுபோல, போர்வையிலிருந்து கொஞ்சம் எழும்பியது. சித்தீகா அதைக் கையில் ஏந்திக்கொண்டாள். உதடு ஒருமுறை அசைந்தது. சைமா நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எழும்புவதற்காகக் காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள்.

சித்தீகாதான் முதலில் கையை எடுத்தாள். இன்னாலில்லாஹி என்று அவள் உதடு முணுமுணுத்தது, சத்தம் வரவில்லை. அவர் கண்களை மூடிவிட்டாள். தன் வெள்ளைத் துப்பட்டியின் ஓரத்தைக் கிழித்தாள். துணி கிழிந்த சத்தம் சமையலறைக்குப் பெரிதாக இருந்தது. அதை முகவாய்க்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிந்தாள். கையையும் காலையும் நேராக்கினாள். பிறகு மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போனில் ஜுல்பிகர் சொல்லிக்கொண்டே இருந்தான். நிறுத்தச் சொல்லி யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அவன் மூச்சு வாங்கும்போது சொல்லிவிடலாம் என்று சைமா நினைப்பாள். அவன் மூச்சு வாங்கிவிட்டு அடுத்ததை ஆரம்பித்துவிடுவான். நிறுத்தாமல் சொல்லு என்று சொன்னதும் அவள்தான்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே கொளஞ்சிநாதனின் முகம் தெரிந்தது. நனைந்து தொப்பலாகியிருந்தார். மேல்மூச்சு வாங்கியது.

"ரெண்டு வரிசையிலயும் அத்தினி வூட்லயும் சொல்லிட்டன் பாப்பா. யாரும் ஒரு வார்த்த எதுத்துப் பேசல. எல்லாம் நிறுத்திட்டாங்க. சந்திரா அதும் பொண்ணு வெளிநாட்ல இருந்து பேசிகினு இருந்ததாம், அதக்கூட வெச்சிடுச்சு. இப்பப் பாரு, வருதான்னு பாரு."

அப்போதுதான் அவர் கட்டிலைப் பார்த்தார். தலையில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

சைமா போனைப் பார்த்தாள். அழைப்பின் தரம் காட்டும் கோடுகள் எல்லாம் நிறைந்திருந்தன. வேலையில்கூட அவள் அப்படி ஒரு லைனைப் பார்த்து நாளாகிறது.

"அண்ணே" என்றாள். "படம் வருது. ஒன் கேமராவையும் போடு."

கலிமா நின்றது. போனைத் தலையணையிலிருந்து எடுத்து அத்தாவின் முகத்துக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினாள்.

படம் ஒரு சிக்கலும் இல்லாமல் போனது. தாடியில் நரைத்த முடி ஒவ்வொன்றும், மூக்கோரத்து மச்சமும், நெற்றியில் தொழுகைத் தழும்பும், உச்சியில் முடிந்திருந்த வெள்ளைத் துணியும், அதில் பிரிந்து நின்ற நூலும் தெரிந்தன. மேலே சின்னச் சதுரத்தில் ஜுல்பிகரின் முகம் வந்தது. தாடி வளர்ந்து, கண் வீங்கி இருந்தான்.

அவன் முகம் அசையவே இல்லை. இமைகூட அசையவில்லை. படம் மாட்டிக்கொண்டதா என்று சைமா பார்த்தாள். அவனுக்குப் பின்னால் கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்து போனாள். குழந்தையின் ஷூவில் சின்ன விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

சைமா கை ஆடாமல் போனைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.