அண்ணனுக்குப் பதிலாக ஒரு ஸ்டாண்ட்

அந்த ஸ்டுடியோவில் மேலிருந்து விழும் வெளிச்சத்துக்கு ஸ்டாண்ட் என்று ஒன்று இருந்ததே இல்லை. அண்ணன் இருந்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்த உடம்பு, அதில் பாதி கைகள். துணி உலர்த்தும் அலுமினியக் கம்பியின் நுனியில் லைட்டைக் கட்டி, ஸ்டூலில் ஏறி, பாயில் படுத்திருக்கும் கைக்குழந்தைக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டு நிற்பான். "கொஞ்சம் முன்னாடி" என்றால் முன்னாடி போவான். "மூச்சு விடாதே" என்றால் நிஜமாகவே விடமாட்டான். படம் எடுப்பது தங்கை. வீட்டில் அவளுக்கு வாலு என்று பேர், அது ஸ்டுடியோ வரைக்கும் கூடவே வந்துவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அண்ணனைக் கொக்கு என்பார்கள். அவன் முகத்துக்கு நேராகவே.

இப்போது கொக்குக்கு வேலை கிடைத்துவிட்டது. வேறு ஊரில், ஒரு சிமென்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். அவன் மட்டும் நிபந்தனை போட்டான்.

"கை நீட்டி நிக்கற பூம் ஸ்டாண்ட் ஒண்ணு வாங்கு. நீ ஒருத்தியா லைட்ட மாட்டி, ஏத்தி, இறக்கிக் காட்டு. அப்புறம்தான் பெட்டி கட்டுவேன். கீழ படுத்திருக்கறது பச்சக் குழந்தை. உன் தலையில விழுந்தாலாவது, உள்ள ஒண்ணும் இல்ல, போனாப் போகுதுன்னு விட்டுடலாம்."

"பெட்டி கட்ட உனக்கு முதல்ல பெட்டி இருக்கா?" என்றாள் வாலு. ஆனால் நிபந்தனை அவளுக்குள் முள் மாதிரி தைத்துக்கொண்டது. ஸ்டாண்ட் சரியாக அமையாவிட்டால் அவன் போகமாட்டான். அவன் போகாவிட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ. அதற்குக் காரணம் யார் என்று காலத்துக்கும் வீட்டில் பேச்சு ஓடும்.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாட்டிலும் ஸ்டாண்ட், தூக்கத்திலும் ஸ்டாண்ட். கை எவ்வளவு நீளம், கால் எவ்வளவு அகலம், நீட்டிய நுனியில் எவ்வளவு எடை தாங்கும் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே ஒப்பித்தாள். அம்மா எழுந்து போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். ஸ்டுடியோ சாமான் விற்கிற நீளமான கடை. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்த கடைக்கார அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். கையோடு அவர்கள் லைட்டையும் கொண்டு வந்திருந்தார்கள்.

முதல் ஸ்டாண்ட் பார்க்க அழகு. தண்டின் மேல்பாதியை மடக்கினால் அதுவே கையாக நீண்டது. அண்ணன் அந்த நுனியை ஒரு விரலால் அழுத்தினான். எதிர்ப்பக்கத்துக் கால் தரையை விட்டு எழும்பியது.

"குழந்தை தும்மினாலே இது படுத்துடும்" என்றான்.

இரண்டாவது ராட்சசன். சக்கரம் வைத்த கால்கள், பின்னால் இரும்பு எடை, சுற்றினால் ஏறி இறங்கும் கைப்பிடி. "பெரிய பெரிய ஸ்டுடியோக்காரங்க வாங்கறது" என்றார் கடைக்கார அம்மா. அண்ணன் மயங்கிவிட்டான். வாலு டேப்பை விரித்துக் காலுக்குக் காலை அளந்தாள். அவர்கள் ஸ்டுடியோ என்பது சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை.

"இது உள்ள வந்தா குழந்தை மாடிப்படியிலதான் படுக்கணும்."

மூன்றாவது, பகட்டில்லாத இரும்பு. உயரம் வேறு வேறான மூன்று கால்கள். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டப் பிடி. அதில் கூடவே வருகிற நீளக் கம்பியைச் செருகி, பெரிய திருகை முறுக்கினால் கம்பி கையாக நீட்டி நிற்கும். வாலுவுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. உயரமான காலை லைட் வரப்போகிற பக்கம் திருப்பினாள். ஸ்டாண்ட் சாயாமலிருக்க அந்தக் காலில் கடையிலிருந்த மணல் மூட்டையைத் தொங்கவிட்டாள். லைட்டை மாட்டினாள், திருகை முறுக்கினாள், கையை எடுத்தாள்.

நின்றது. பிறகு, தப்புச் செய்த பிள்ளை மாதிரி மெல்லத் தலை குனிந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் முறுக்கினாள். மறுபடி குனிந்தது.

"தள்ளு" என்று அண்ணன் வந்தான். மாட்டினான். அசையவில்லை. கடைக்கார அம்மா தன் கைப்பையை எடுத்து லைட்டுக்குப் பக்கத்தில் மாட்டிப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை.

"கையில பலம் பத்தலம்மா. ஒழுங்கா சாப்பிடறதில்லையா?"

"அவளா? எங்க வீட்ல அரிசி மூட்டை வாங்கறதே அவளுக்காகத்தான்" என்றான் அண்ணன். சிரித்தவன், அதே மூச்சில், "சரி விடு வாலு. நான் போன் பண்ணி வரலன்னு சொல்லிடறேன்" என்று போனை எடுத்தான்.

ரொம்ப சீக்கிரமாகச் சொல்லிவிட்டான். வாலு நிமிர்ந்து பார்த்தாள். வருத்தப்படுகிற முகமாக அது இல்லை. மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பையன்களுக்கு வருகிற முகம்.

"போன உள்ள வை" என்றாள். "இன்னொரு தடவ மாட்டு."

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். திருகு அவனைப் பார்த்தபடி இருந்தது. கனமான லைட்டை வலது கையால் தூக்கிப் பிடித்தான், இடது கையால் திருகை முறுக்கினான். லைட் திருகுக்கு வலப்பக்கம் நின்றது.

அவள் தூக்கியது இடது கையால். கனமான எதையும் அவள் அந்தக் கையால்தான் தூக்குவாள்.

"இப்ப என்ன மாதிரி மாட்டு. லைட்டு இடது கையில."

"பீச்சாங்கையிலயா?"

"எனக்கு அதான் நல்ல கை. வாய மூடிட்டு மாட்டு."

மாட்டினான். கழுத்து நரம்பு புடைக்க முறுக்கினான். மூன்று பேரும் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். லைட் சாவகாசமாகத் தலை குனிந்தது.

கடைக்கார அம்மா தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "அட!"

வாலு எழுந்து திருகை இப்படியும் அப்படியும் சுற்றிப் பார்த்தாள். விஷயம் பாட்டில் மூடி மாதிரிதான். வலப்பக்கம் தொங்கினால் லைட்டின் எடையே திருகை இறுக்குகிறது. இடப்பக்கம் தொங்கினால் அதே எடை கழற்றிவிடுகிறது. ஸ்டாண்டைக் குட்டையாக்கினாள். லைட்டின் கழுத்தை வலது தோளில் சாய்த்துக்கொண்டு, பலமுள்ள இடது கையால் ஒரு முறுக்கு. பிறகு தண்டை உயர்த்தினாள். கடைக்கார அம்மா கேட்காமலேயே கைப்பையைக் கொண்டுவந்து மாட்டினார். லைட் இம்மியும் அசையவில்லை.

"இப்ப சொல்லு" என்று அண்ணன் பக்கம் திரும்பினாள்.

அவன் கைப்பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, லைட்டுக்கு நேர் கீழே கடைத்தரையில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னடா பண்றே?"

"குழந்தையா நான் இருக்கேன்."

"தம்பி, குழந்தை காலை மடக்கிக்கட்டும். ஆளுங்க வர்ற வழி" என்றார் கடைக்கார அம்மா. சொல்லிவிட்டு, என்ன தோன்றியதோ, உள்ளே வேலை இருப்பதுபோல் போய்விட்டார்.

அண்ணன் காலை மடக்கிக்கொண்டான்.

"வாலு."

"ம்."

"அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாதுடி. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சிமென்ட் கட்டிய உடைச்சு உடைச்சுப் பாக்கணுமாம். இங்கன்னா நீ திட்டிக்கிட்டாவது இருப்பே."

இருந்துடு என்று ஒரு வார்த்தை போதும். படுத்தவாக்கிலேயே போனை எடுத்துவிடுவான். அந்த வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்தது. இத்தனை நாளும் அவன் கை எட்டிய உயரத்திலிருந்துதான் அவள் படங்களில் வெளிச்சம் விழுந்திருக்கிறது. எந்த முகத்தில் எவ்வளவு நிழல் என்பதை அவள் தீர்மானித்ததாக நினைத்தாள். பாதியை அவன் தோள்வலி தீர்மானித்திருக்கிறது. நாளைக்கு அதையெல்லாம் அவளே முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். அவளுக்கும் அது பயமாகத்தான் இருந்தது.

"கண்ணத் திற" என்றாள். "லைட்டப் பாரு. இறங்குதா?"

"இல்ல."

"நல்லாப் பாரு."

"இல்லடி. அப்படியே நிக்குது."

"அப்போ எந்திரி."

அவன் உடனே எழவில்லை. லைட்டையே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு கையை ஊன்றி எழுந்து, முதுகுத் தூசியைத் தட்டிக்கொண்டு, கடைக்கார அம்மா இருந்த பக்கம் குரல் கொடுத்தான்.

"அக்கா, இங்க பக்கத்துல ஷூ கடை எங்க இருக்கு?"

"எதுக்குடா?" என்றாள் வாலு.

"ஆலைக்குள்ள ஷூ இல்லாம விடமாட்டாங்களாம். இன்னும் வாங்கல."