நெட்டி எடுக்கும் நேரம்

வயல்காரர்களுக்கு உடம்பு நோவு என்றால் ஒரே அர்த்தம்தான்: எங்கேயோ இறுகிப்போய்க் கிடக்கிறது, இழுத்துவிட வேண்டும். யோகலிங்கமும் அப்படித்தான். குடியேற்றக் கொலனியில் காணி கிடைத்து, காடு வெட்டி வயலாக்கிய இந்த ஏழு வருடத்தில் அவன் அறிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அவன் மனைவி இராசமலருக்கோ உடம்பில் இறுக்கம் என்ற பேச்சே இல்லை. சின்ன வயதில் பெருவிரலை மணிக்கட்டில் முட்ட மடித்துக் காட்டிப் பள்ளிக்கூடத்தில் பெயர் எடுத்தவள். இப்போது களை பிடுங்கினால் விரல் நோ, தண்ணீர் அள்ளினால் தோள் நோ. வீக்கமுமில்லை, காயமுமில்லை, யார்தான் நம்புவார்கள்? யோகலிங்கம் நம்பினான். பொழுதுபட வாய்க்காலில் குளித்துவிட்டு வந்து, நல்லெண்ணெயைச் சூடாக்கி, விரல், முழங்கை, தோள் எல்லாவற்றையும் சடக்கென்று சத்தம் கேட்கும்வரை இழுத்து நெட்டி எடுப்பான். எவ்வளவு களைத்திருந்தாலும் விடமாட்டான். விடிந்தால் அவளுக்கு நோ இரண்டு பங்காகியிருக்கும். ஆனால் அவள் வாயே திறக்கவில்லை.

அந்த மாசி நெல் அரிவி வெட்டில், கதிர்க் கட்டைத் தலைக்குத் தூக்கும்போது அவளுடைய தோள் விலகிவிட்டது. ஓடிவந்த யோகலிங்கம் கையைப் பிடித்து இழுக்கப் போனான். அயல் வயலில் நின்ற நாட்டு வைத்தியர், பரியாரி ஏரம்பு, அவனைத் தள்ளிவிட்டு, தோளை மெல்ல இடத்தில் ஏற்றித் தன் சால்வையால் கட்டினார். பிறகு அவள் விரல்களைப் பின்னுக்கு வளைத்துப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக்கு ஆர் நெட்டி எடுக்கிறது?"

"நான்தான். ஒருநாளும் தவறவிட்டதில்லை," என்றான் யோகலிங்கம். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"தம்பி, இது பிறவியிலையே இளகின மூட்டு. நீர் இழுக்க இழுக்க இன்னும் இளகும், நோவும் கூடும். தோள் கழண்டதும் அதாலைதான். இனி இழுக்காதையும், பாரம் தூக்க விடாதையும். நொந்தால் கட்டி ஆறவிடும். பிறகு சின்னச் சின்ன வேலை செய்து தசை உரமேறட்டும்."

"சுகம் வருமோ?"

"முழுசா வராது. சமாளிச்சுப் பழகலாம்."

யோகலிங்கம் அவளை மெல்ல வீட்டுக்குக் கூட்டிவந்தான். வாசல் படலையடியில் நின்று கேட்டான்.

"இழுத்தால் இன்னும் நோகுது எண்டு ஏன் நீ சொல்லேல்லை?"

இராசமலருக்கு அலுத்துப்போயிருந்தது. இனி மறைக்கவும் பலமில்லை.

"விடிஞ்சால் வயலுக்குப் போறியள், வந்தால் படுக்கிறியள். அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குப் பக்கத்திலை இருக்கிறியள். அதையும் நானே கெடுக்கிறதோ?"

மறுநாள் பொழுதுபட்டது. குளித்துவிட்டு வந்தவன் பழக்கத்தில் எண்ணெயைச் சூடாக்கிவிட்டான். சட்டியைப் பார்த்தான், தன் கைகளைப் பார்த்தான். இந்தக் கைகளா இதைச் செய்தன என்று நெஞ்சு வலித்தது. சட்டியை இறக்கி வைத்துவிட்டு வெளியே போகத் திரும்பினான்.

"போகாதேங்கோ," என்றாள் இராசமலர். "இழுக்க வேண்டாம். சும்மா பிடிச்சுக்கொண்டிருங்கோ."

அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய கட்டுப்போட்ட கையின் முழங்கைக்குக் கீழ் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினான். சடக்கென்ற சத்தம் எதுவும் வரவில்லை. சற்று நேரத்தில் இருந்தபடியே தூங்கிப்போனான். கையை மட்டும் எடுக்கவில்லை.