குலுக்கிப் பார்த்த குப்பி

கொப்பரைக்கு அடியில் விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது ஸ்டமென்காவுக்கு இடுப்பு விட்டுப்போனது. விடியலிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள். புளித்த பிளம் பழக்கூழ் இன்னும் இரண்டு பீப்பாய் பாக்கி.

ராக்கியா என்கிற பிளம் சாராயம் காய்ச்சும் நாளில் வீட்டுக்காரர்கள் மட்டும் இருந்துவிட முடியாது. புகையைப் பார்த்ததும் மேட்டிலிருந்து ஆண்கள் இறங்கி வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு குட்டிக் குப்பி, கழுத்து நீண்டது. அதிலேயே வாய் வைத்துக் குடிப்பார்கள். தணலில் சுட்ட உருளைக்கிழங்கும் பன்றிக் கொழுப்பு வறுவலும் அவள் பொறுப்பு.

கணவன் திஹோமிர் ராக்கியா சொட்டும் குழாய் வாயருகே உட்கார்ந்திருந்தான். அவன் கையிலும் ஒரு குப்பி. அதில் இருந்தது கிணற்றுத் தண்ணீர். காலையில் அவள்தான் நிரப்பிக் கொடுத்தாள்.

வசந்தத்தில் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தான். கல்லீரல் பாதி போய்விட்டது, இனிக் குடித்தால் பிழைக்கமாட்டான் என்றார் டாக்டர். ஊருக்குத் தெரியக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். காய்ச்சுகிறவனே வாயில் வைக்காத ராக்கியாவை எவன் நம்பி வாங்குவான் என்பது அவன் கவலை. அன்றிலிருந்து இந்தத் தண்ணீர். யார் வந்தாலும் ஒரு வாய் உறிஞ்சுவான், முகத்தைச் சுளிப்பான், மீசையைத் துடைப்பான்.

கிர்ஸ்மனை அவள் மறந்துபோயிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர். எவன் குப்பி கிடைத்தாலும் எடுத்துக் குலுக்கிப் பார்ப்பது அவர் பழக்கம். நல்ல ராக்கியா என்றால் ஓரத்தில் குமிழ்கள் மணிமணியாகக் கோத்து நிற்கும். தண்ணீரில் வந்த வேகத்தில் உடைந்துவிடும்.

"குடு பாப்போம். ஒனக்கு மட்டும் எதைத் தனியா ஒளிச்சு வெச்சிருக்கே?" என்று அவர் திஹோமிரின் குப்பியை எடுத்துக்கொண்டார்.

ஸ்டமென்காவின் கை விறகோடு நின்றது. கிர்ஸ்மன் விரலால் குப்பியின் வாயை மூடிக் குலுக்கினார், வெளிச்சத்தில் பிடித்தார்.

மணிகள் கோத்து நின்றன. உடையவில்லை.

"ஆகா, மாலை கட்டி நிக்குது பாருங்கடா" என்றார்.

அவளுக்கு முதலில் அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி ஒரு மூச்சுக்கூட நிற்கவில்லை; காலையில் அவள் ஊற்றியது தண்ணீர் அல்லவா. திஹோமிரைப் பார்த்தாள். அவன் குழாயிலிருந்து விழும் சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது.

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கால்தான் வலித்தது.

"குடுங்கண்ணே" என்று கிர்ஸ்மனிடமிருந்து குப்பியை வாங்கி, ஒரே மூச்சில் தானே குடித்து முடித்தாள். ஆண்கள் சிரித்தார்கள். அவள் கிணற்றுத் தண்ணீர் வாளியில் குப்பியை முக்கி நிரப்பி, கணவனிடம் நீட்டினாள்.

"இந்தா, திஹோமிர். காலையில நான் ஊத்தினது இதுதான்."

சிரிப்பு நின்றது. என்ன சங்கதி என்று கிர்ஸ்மன் கேட்க, அவள் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னாள். சத்தியத்தைக் காப்பாற்றத் தெம்பில்லை.

"இன்னைக்கு மட்டும்தான் மாத்தி ஊத்திக்கிட்டேன்" என்றான் திஹோமிர். நம்பவும் அவளுக்குத் தெம்பில்லை.

கிர்ஸ்மன் தன் குப்பியைக் கீழே வைத்தார். "அப்போ ஒன் பங்கையும் நான்தான் குடிக்கணுமா? என் கல்லீரலுக்கு யாருடா பொறுப்பு?" என்றார். யாரும் சிரிக்காததால் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தக் கொப்பரையோட கடைசி ஓட்டம் வருது போல. பாரு, நல்லதோட கலந்தா கசந்துடப் போகுது" என்றார்.

திஹோமிர் உள்ளங்கையில் சில சொட்டு பிடித்தான். இரண்டு கைகளையும் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனான். வெகுநேரம் அப்படியே இருந்தான். பிறகு பாத்திரத்தை நகர்த்தி, வேறொன்றை வைத்தான். கிர்ஸ்மன் ஒரு துளி நாக்கில் வைத்துத் தலையாட்டினார்.

ஸ்டமென்கா அடுத்த கட்டு விறகுக்குப் போனாள். வழியில், அவன் பக்கத்தில் இருந்த குப்பியைக் குனிந்து எடுத்துக் குலுக்கினாள். குமிழ்கள் உடனே உடைந்தன. இனி ஒவ்வொரு நாளும் இதை வேறு செய்ய வேண்டும். குப்பியை வைத்துவிட்டு விறகைத் தூக்கினாள்.