பின் சீட் இல்லாத இரண்டு கார்கள்

"பின் சீட்டு எங்கடா? எவனும் களவாண்டுட்டானா?"

காருக்குள் தலையை நுழைத்துப் பார்த்த தவசி கேட்டதும் ஸ்ரீனிவாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். அசோக்குமாருக்குக் கோபம் வரவில்லை. அப்பா முதன்முறையாக அவனுடைய போர்ஷேயில் ஏறப்போகிறார். அதுவே பெரிய விஷயம்.

"எடை குறையணும்ப்பா. ரேஸ் டிராக்ல ஓட்டுற வண்டி. தேவையில்லாததை எல்லாம் கம்பெனிக்காரனே கழட்டிருவான். கதவு திறக்க உள்ள கைப்பிடி கூடக் கிடையாது, துணி வாருதான்."

"இம்புட்டையும் கழட்டிட்டு வெலையக் கூட்டிருக்கானே, அவன்டா யாவாரி!"

அசோக்குமார் ஜே.சி.பி. வாடகைக்கு விடும் தொழிலில் மேலே வந்தவன். ஸ்ரீனிவாஸ் கீழவாசல் ஜவுளிக் குடும்பம். கல்லூரி நாளிலிருந்து இருவருக்கும் கார் பைத்தியம். அசோக் போர்ஷே ஜிடி3 ஆர்எஸ் எடுத்தபோது, ஸ்ரீனிவாஸ் விடாப்பிடியாக பி.எம்.டபிள்யூ எம்4 சிஎஸ்எல் ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்தான். இரண்டும் ஜெர்மன்காரர்கள் செய்தவை, இரண்டும் எடை குறைத்தவை, இரண்டிலும் பின் சீட் இல்லை. எது உண்மையிலேயே லேசு என்ற சண்டை வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மாதமாக ஓடியது. இந்த ஞாயிற்றுக்கிழமை அதற்கு முடிவு கட்டுவதாகத் திட்டம். டி. கல்லுப்பட்டிக்கு முன்னால், நெல் லாரிகளை ஏற்றி நிறுக்கும் எடை மேடை.

அசோக் அப்பாவை உட்காரவைத்து ரேஸ் பெல்ட்டை மாட்டினான். அவன் தனியாக வாங்கிப் போட்டது அது. இரண்டு தோள், இடுப்பு, தொடை எல்லாவற்றையும் பிடித்து வயிற்றின் மேல் ஒரே கொக்கியில் முடியும்.

திருமங்கலம் தாண்டியதும் தவசி நெளிந்தார்.

"நெஞ்சப் புடிக்குதுடா இந்தப் பெல்ட்டு."

"அப்படித்தான்ப்பா இருக்கும். உடம்பு ஆடக்கூடாதுல்ல."

"சரி, சரி. நீ ஓட்டு." மகன் ஓட்டுவதைப் பார்த்தபடி வாரைத் தளர்த்திக்கொண்டார். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் தளர்த்தினார்.

எடை மேடையின் கண்ணாடி அறைக்குள் இருந்த முனீஸ்வரி இரண்டு கார்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"லோடு எங்கண்ணே?"

"லோடு இல்லம்மா. வண்டியத்தான் போடணும்."

"இதையா? நம்ம மேடைல ஏறுனது தெரியுமோ என்னமோ!"

போர்ஷே ஏறியது. தவசி முன்பே இறங்கி வேப்பமர நிழலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்து பி.எம்.டபிள்யூ ஏறியது. முனீஸ்வரி எண்களைப் படித்துச் சொன்னதும் அசோக் கைகளைத் தூக்கி ஒரு ஆட்டம் போட்டான். போர்ஷேதான் லேசு, அதுவும் நல்ல வித்தியாசத்தில்.

"போடா, என் வண்டில டேங்க் ஃபுல்லு!" என்றான் ஸ்ரீனிவாஸ்.

"டேங்க்கக் காலி பண்ணிட்டு வந்தாலும் நீ குண்டுதான் மாப்ள. அப்பா, பாத்தீங்களா?"

தவசி சட்டையின் மேல் பட்டன்களைக் கழற்றிவிட்டு, நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"பெல்ட்டைக் கழட்டியும் போவலடா அசோக்கு," என்றார்.

அசோக் காரைத் திரும்பிப் பார்த்தான். பெல்ட் காரில் கிடக்கிறது. பிடித்தது பெல்ட் இல்லை.

"108-க்கு அடிக்கட்டுமாண்ணே?" முனீஸ்வரி வெளியே ஓடிவந்துவிட்டாள்.

"அது வர்றதுக்குள்ள நான் ஆஸ்பத்திரில இருப்பேன். தூக்கு ஸ்ரீனி!"

இருவரும் தவசியைத் தூக்கிவந்தார்கள். படுக்கவைக்க முடியவில்லை. சாய்க்கலாம் என்று அசோக் சீட்டுக்கு அடியில் தடவினான். சாய்கிற சீட் இல்லை, கிண்ணம் போல ஒரே வார்ப்பு.

"உன் வண்டில சாயுமா?"

"என்னுதும் அப்படித்தான்டா!" ஸ்ரீனிவாஸ் காரின் பின்பக்கத்தைக் கையால் காட்டினான். "பின்னாடி வந்து தாங்கிப் பிடிக்கலாம்னா பின்னாடின்னு ஒண்ணு இல்லையேடா."

நிமிர்த்தி உட்காரவைத்து, பெல்ட் போடாமல், இடது கையால் அப்பாவின் தோளைச் சீட்டோடு அழுத்திக்கொண்டு அசோக் கிளம்பினான். ஸ்ரீனிவாஸ் பின்னாலேயே வந்தான். காலியான சாலையில் அந்த வண்டி பறந்தது. அசோக்குக்கு நம்பிக்கை வந்தது. திருமங்கலம் எவ்வளவு தூரம்? இதோ வந்துவிடும்.

வளைவு திரும்பியதும் சாலை முழுக்கக் கூட்டம்.

தாய்மாமன் சீர். காதுகுத்து வீட்டுக்கு மாமன் வீட்டார் ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் செண்டை மேளம், நடுவில் தாம்பாளத் தட்டுகளோடு பெண்கள், மாலை போட்ட இரண்டு கிடாய்கள், ஒரு நாட்டியக் குதிரை. ஒருபுறம் நாலுவழிச் சாலைக்குத் தோண்டிய பள்ளம், மறுபுறம் முட்டியளவு ஜல்லிக் குவியல். டிராக்டர் இறங்கி ஏறிவிடும். ஒரு சாண் உயரத்தில் ஓடும் இந்த வண்டியால் முடியாது.

அசோக் ஹாரனை அழுத்தினான். மேளத்தில் அது கரைந்துபோனது. ஆக்ஸிலரேட்டரை மிதித்து இன்ஜினை உறுமவிட்டான். அத்தனை தலைகளும் திரும்பின.

அந்தப் பக்கம் சீர் என்றால் மாமன் எதைக் கொண்டுவருவான் என்று சொல்ல முடியாது. ஒருவர் யானை கூட்டிவருவார், இன்னொருவர் முப்பது மாட்டுவண்டி கட்டுவார். போன மாதம் ஒரு மாமன் ரோடு ரோலரில் வந்து இறங்கியிருந்தார்.

"டேய், மாமன் ரேஸ் காரு எறக்கிட்டாருடோய்! ரெண்டு காரு!"

விசில் பறந்தது. மேளக்காரர்கள் அப்படியே திரும்பி வந்து காரைச் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள். அசோக் மறுபடியும் உறுமவிட்டான். இளவட்டங்கள் அந்தச் சத்தத்துக்கே ஆடினார்கள்.

"அண்ணே, இன்னொருக்கா! இன்னொருக்கா முறுக்குங்கண்ணே!"

கண்ணாடியை இறக்கி, "நெஞ்சு வலி! வழி விடுங்க!" என்று கத்தினான். ஒரு பெண் சிரித்துக்கொண்டே அவன் கன்னத்தில் சந்தனத்தைப் பூசினாள். பன்னீர்ச் செம்பிலிருந்து அவன் முகத்தில் பன்னீர் தெறித்தது. இன்னொருத்தி கார் மூக்கில் குங்குமம் வைத்தாள். இறங்கலாம் என்றால் கதவு ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை, அவ்வளவு நெருக்கம். துணி வாரைப் பிடித்துக்கொண்டு தோளால் கதவை முட்டினான். அப்பாவின் தலை அவன் கை மேல் சரிந்தது.

"அப்பா. அப்பா, இந்தா போயிருவோம்ப்பா."

தவசியின் உதடு அசைந்தது. மேளத்தில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

பின்னாலிருந்து ஸ்ரீனிவாஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து, முதல் மேளக்காரரின் குச்சியைப் பிடுங்கி எறிந்தான். ஒருவன் அவன் சட்டையைப் பிடித்தான். அடி விழுவதற்குள் இடப்பக்கக் கண்ணாடி வழியாக யாரோ உள்ளே பார்த்துவிட்டார்கள்.

"ஏய், நிப்பாட்டுங்கடா! உள்ள பெரியவருக்கு என்னமோ ஆயிருச்சுடா!"

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சீர்த்தட்டு ஏற்றிவந்த குட்டியானை மினி லாரியிலிருந்து வாழைத்தாரையும் பலாப்பழத்தையும் சாலையோரம் இறக்கினார்கள். நாலு பேர் தவசியைத் தூக்கி அதில் நீட்டிப் படுக்கவைத்தார்கள். ஸ்ரீனிவாஸ் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டான். குட்டியானை ஜல்லியில் ஏறி, ஒருபக்கமாகச் சாய்ந்து, ஊர்வலத்தைத் தாண்டிப் போய்விட்டது. நெருக்கிய கூட்டம் விலகி, ஆழமான சீட்டிலிருந்து அசோக் தன்னைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தபோது புழுதி மட்டும்தான் தெரிந்தது.

"ஏறுங்கண்ணே." பட்டு வேட்டியும் ரோஜா மாலையுமாக ஒருவர் புல்லட்டோடு நின்றார். தாய்மாமன் அருள்பாண்டி.

"ஒங்க சீரு..."

"அது கெடக்குது, ஏறுங்க. நாங்க மறிச்சதாலதான..." அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

இரண்டு கார்களும் நடுச்சாலையில் கதவு திறந்தபடி நின்றன. அசோக் திரும்பிப் பார்க்கவில்லை. புல்லட் ஜல்லியில் குதித்தது. மாலை காற்றில் எழும்பி அவன் முகத்தில் அடித்தது, ரோஜா இதழ்கள் சந்தனத்தில் ஒட்டிக்கொண்டன.

திருமங்கலம் எல்லைக்குள் நுழையும்போது போன் அடித்தது. ஸ்ரீனிவாஸ்.

"எங்கடா இருக்க?"

"வந்துட்டேன் மாப்ள, ரயில்வே கேட்டுப் பக்கத்துல. அப்பா எப்படி இருக்கார்? டாக்டர் பாத்தாரா?"



"நீ மெதுவா வா மாப்ள," என்றான் ஸ்ரீனிவாஸ். "அவசரப்படாம, பாத்து, மெதுவா வா."

எந்த நேரத்தில் அப்படிச் சொல்வார்கள் என்று அசோக்குக்குத் தெரியும். அவனே ஒருமுறை இன்னொரு சாவு வீட்டுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறான்.

போனில் பேசியது எதுவும் கேட்காத அருள்பாண்டி, முன்னால் போன பஸ்ஸை முந்துவதற்காக வண்டியை முறுக்கினார்.

"கெட்டியாப் புடிச்சுக்கங்கண்ணே. இந்தா, ரெண்டே நிமிசம்."

மெதுவாகப் போகலாம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அசோக் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.