கறையக்கா துவைத்த கவுன்

“நல்ல மனுஷன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்றேன். சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்திடும்?”

“முத்து இல்ல முதலாளி, பல்லே உதிர்ந்திடும்” என்றாள் நெட்டை.

இன்னும் விடியவில்லை. அதற்குள் சலவைக்கூடத்தில் இத்தனை சத்தம். எங்கள் ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்து இருப்பது ஜன்னலின் குற்றம். உள்ளே ஆஸ்பத்திரிப் போர்வைகள் தொட்டியில் கொதித்துக்கொண்டிருந்தன. சலவைச் சோடா தின்ற விரல்களால் பெண்கள் இருவர் இருவராக நின்று ஈரப் போர்வையை முறுக்கிப் பிழிந்தார்கள். குட்டை மேசையில் இஸ்திரி போட்டே முதுகு வளைந்தவள் நெட்டை. முதலாளி நீராவிக்குள் நின்று கத்தினார். முகம் தெரியவில்லை, தொந்தி மட்டும் தெரிந்தது.

விஷயம் இதுதான். அவருடைய மச்சான்தான் கூடத்து மேஸ்திரி. கறையக்காவின் மகளிடம், மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையிடம், தகாத முறையில் நடந்துகொண்டவன். குற்றவாளி என்று கோர்ட்டு சொல்லியாயிற்று. எத்தனை வருஷம் என்பதை அன்றைக்குச் சொல்லப்போகிறார்கள். அவனுக்குக் கீழே வேலை பார்த்த பெண்களே வந்து நல்லவன் என்று சொன்னால் தண்டனை குறையும் என்று வக்கீல் ஓதியிருக்கிறார்.

கறையக்கா என்பது நாங்கள் வைத்த பேர். கூடத்துக்கு வரும் எந்தத் துணியில் என்ன கறை இருந்தாலும் அவள் கைக்குத்தான் போகும். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் கூடத்துக்கு வந்து, துணி மடிக்கும் அறையில் உட்கார்ந்து பாடம் எழுதும். மேஸ்திரி மிட்டாய் வாங்கித் தருவான். “பிள்ளைங்கன்னா அவருக்கு உசிரு” என்று நாங்களும்தான் மெச்சினோம்.

ஒருநாள் சாயங்காலம் பிள்ளை வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்தது. கவுனில் கறை. தாய் கழற்றி வாங்கினாள். கை தானாக வெந்நீர் விளாவியது, சோடா போட்டது, தேய்த்தது. பிழிந்து கொடியில் போட்ட பிறகுதான், “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டாள்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் கவுனைத்தான் பிடித்துக்கொண்டார். “ஆதாரம் எங்கம்மா? எதுக்குத் துவைச்சீங்க?”

“கறையோட வந்தா துவைக்கத்தாங்க எனக்குத் தெரியும்” என்றாளாம்.

துணி போச்சு, கேஸும் போச்சு என்று தெருவிலேயே தீர்ப்புச் சொன்னவர்கள் நாங்கள். பிள்ளையோ, மூடிய அறையில், அவன் முகம் தெரியாதபடி திரை போட்டபிறகு, நீதிபதியம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டது. எப்படித் திருப்பித் திருப்பிக் கேட்டும் பேச்சு மாறவில்லை. துணி இல்லாவிட்டாலும் பிள்ளையின் சொல் போதும் என்றார் அந்த அம்மா. எங்களுக்குச் சட்டம் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

“இன்னிக்குக் கோர்ட்டுக்கு வராதவங்க நாளைக்கு இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது” என்றார் முதலாளி.

நெட்டை இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “வர்றோம் முதலாளி. எல்லாருமே வர்றோம்.”

பாய்லர்க்காரர் வால்வைத் திருகினார். சீறிக்கொண்டிருந்த ஆவி அடங்கியது.

“அப்படி வழிக்கு வாங்க” என்றார் முதலாளி. பாவம், குளிர்ந்துபோனார்.

கோர்ட்டு நேரமானதும் பெண்கள் கிளம்ப, செருப்பு மாட்டிக்கொண்டு நாங்களும் பின்னாலேயே போனோம். கோர்ட்டில் கறையக்கா ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வேலையைவிட்டு நீக்கியதிலிருந்து அவள் பக்கத்தில் யார்தான் உட்கார்ந்தார்கள்? ஈரம் காயாத கைகளோடு பெண்கள் போய் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெருக்கி உட்கார்ந்தார்கள். எதிர்ப் பெஞ்சைக் காட்டிக் காட்டி முதலாளிக்குக் கை வலித்துப்போனது.

குடும்பஸ்தன், முதல் குற்றம், வேலையாட்கள் மதிக்கிற மனிதன் என்று வக்கீல் அடுக்கினார். நீதிபதியம்மா பெஞ்சைப் பார்த்தார். “இவரைப் பத்திச் சொல்ல வந்திருக்கீங்களா?”

நெட்டை எழுந்தாள். “இல்லீங்கம்மா. பிள்ளைக்காக வந்தோம்.”

நல்லவன் என்று எல்லாரும் நம்பியதால்தான் பிள்ளையை அவன் பக்கத்தில் விட்டார்கள் என்றார் நீதிபதியம்மா. அந்த நம்பிக்கையை வைத்தே குற்றம் செய்தவனுக்கு அதே நல்ல பேரைக் காட்டித் தண்டனையைக் குறைக்க முடியாது என்று சொல்லி, நீண்ட தண்டனை கொடுத்தார். கறையக்கா அழவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி தரப்பில் அப்பீல் போட்டிருக்கிறார்கள். கவுன் பேச்சு மறுபடியும் வரும். முதலாளி கூடத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். விடிவதற்குள் பெண்கள் வந்து கேட்டோரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். உள்ளே தொட்டியில் போர்வைகள் நாறுகின்றன.

நெட்டைக்கும் பாய்லர்க்காரருக்கும் கல்யாணம் ஆனது. வால்வு திருகிய அன்றைக்கே நாங்கள் சொன்னோம், யார் கேட்டார்கள்? அப்பீல் தேதியோடு மோதாத நாளாகப் பார்த்து வைத்தார்கள்.

கறையக்கா தங்கை ஊருக்குக் குடிபோய்விட்டாள். நெட்டை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிள்ளை தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறதாம், அம்மா கையில் கொடுப்பதில்லையாம்.

“கேஸ் நாள்ல எல்லாரும் வந்திடுறோம்க்கா” என்று வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள் நெட்டை.

உள்ளேயிருந்து பிள்ளை கேட்டதாம், “எல்லாருமா?”